மேலப்பாறையடியில் இல்லாத குளம்

கொம்பையா அண்ணாச்சிக்கு ஐம்பத்தொரு வயது. வேலை, மேலப்பாறையடி பேரூராட்சியில் தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் வால்வைத் திறந்து மூடுவது. படிப்பு, தபால் வழியில் பி.ஏ. வரலாறு, கடைசி வருடம்.

கடைசி வருடம் என்றால் நிஜமாகவே கடைசி. மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அங்கே விதி. அண்ணாச்சிக்கு இது ஆறாவது. முட்டி மோதி எல்லாத் தாளிலும் தேறிவிட்டார். பாக்கி இருந்தது ஒரே ஒரு செயல்திட்டக் கட்டுரை. அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வந்துவிட்டது.

படிப்பு மையம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. வரலாறு எடுக்கிறவர் எமிமா டீச்சர். முப்பத்திரண்டு வயது. பார்வை கிடையாது. அவருடைய போன் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டும், அதுவும் மற்றவர் காதுக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடாத வேகத்தில். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை டீச்சர் என்பார். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

மதியம் வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். அண்ணாச்சி மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"யாரு அது, பெருமூச்சு விடுறது? அண்ணாச்சியா?" என்றார் டீச்சர்.

"திருப்பி அனுப்பிட்டாவ டீச்சர்."

"என்ன எழுதியிருக்காவ?"

"சிவப்பு மையில ஒரே வரி. 'இந்தக் குளம் எங்கே இருக்கிறது?' அவ்வளவுதான்."

"எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

கட்டுரைத் தலைப்பு, 'எங்கள் ஊரின் நீர் வரலாறு'. அண்ணாச்சி அதை மெஷினிடம் கேட்டு வாங்கியிருந்தார். மெஷின் என்று அவர் சொல்வது போனில் கேள்வி கேட்டால் எழுதித் தரும் ஏ.ஐ.யை. அது மளமளவென்று முப்பது பக்கம் தந்தது. அதில் ஒரு ராஜா வந்தார், பெரிய குளம் வெட்டினார், கரையில் கல்வெட்டும் வைத்தார். மேலப்பாறையடியோ முழுக்கப் பாறை. கடப்பாரையைப் போட்டால் தீப்பொறி பறக்கும். ராஜா என்ன, ராஜாவைப் பெற்றவர் வந்தாலும் அங்கே குளம் வெட்ட முடியாது.

"இருபத்தேழு வருஷமா அந்த ஊருக்குத் தண்ணி விடுறீங்க. அங்க குளம் இல்லேன்னு வாசிக்கும்போது தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"பொறவு?"

"நமக்குத் தெரியாம ஒரு குளம் இருந்திருக்கும் போலன்னு நினைச்சேன் டீச்சர். அது அவ்வளவு படிச்சிருக்கு. நான் என்னத்தைப் படிச்சேன்?"

டீச்சர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

"எப்ப திருத்திக் குடுக்கணும்?"

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா பேரை அடிச்சிருவாவ. ஆறு வருஷம் டீச்சர். பம்பு ரூம்ல உக்காந்து மோட்டார் இரைச்சல்ல படிச்சது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்த மெஷின்கிட்ட எப்படிக் கேட்டா ஒழுங்காப் பதில் தரும்? அந்த மந்திரத்தை மட்டும் சொல்லுங்க. மெஷினைத் தொடக்கூடாதுன்னு மையத்துல சொல்லல. தொட்டா முன்னுரையில எழுதிரணும்னுதான் சொல்லியிருக்காவ. நான் எழுதிருவேன்."

"முதல்ல எப்படிக் கேட்டீங்க? அதை வாசிங்க."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். பையிலிருந்து ஒரு புத்தகத்தையும் எடுத்தார். 'நூறு பவர்ஃபுல் பிராம்ப்ட்' என்று, மெஷினிடம் கேட்கும் விதத்தைச் சொல்லித்தர வாட்ஸப்பில் சுற்றிய பி.டி.எஃப். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டு வைத்திருந்தார்.

"இதுல முதல் பிராம்ப்ட்ல, அது ஒரு உலகப் புகழ்பெற்ற பேராசிரியர்னு சொல்லி ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கு. அதையே நான் நம்ம முறைக்கு மாத்திக்கிட்டேன்." தொண்டையைச் செருமிவிட்டு வாசித்தார். "'அனுப்புநர், சு. கொம்பையா, தண்ணீர் திறப்பாளர், மேலப்பாறையடி. பெறுநர், உயர்திரு உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். தங்களது பொன்னான நேரத்தில் சிறிது ஒதுக்கி, எங்கள் ஊரின் நீர் வரலாறு முப்பது பக்கம் எழுதித் தந்து ஆவன செய்யுமாறு தங்கள் பொற்பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'"

"முடிஞ்சுதா?"

"தேதி, இடம் போட்டிருக்கேன்."

"மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல."

"கலெக்டருக்குக்கூட இவ்வளவு போட்டதில்ல டீச்சர்."

டீச்சர் கொஞ்ச நேரம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தன் மடக்குக் குச்சியை விரித்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு உதவி. எங்கம்மாவைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. எங்க சர்ச் சபையில வாசிக்கணும். நான் போய் டீ குடிச்சிட்டு வாரேன்."

"இப்பமா?"

"இப்பமேதான்."

குச்சியைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணாச்சிக்கு ஒன்றும் ஓடவில்லை. தன் கட்டுரை நட்டாற்றில் நிற்கிறது, இதில் டீச்சர் அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது? ஆனால் டீச்சர் கேட்டு மறுக்க முடியுமா? பேனாவைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, எழுத எழுத வந்துவிட்டது.

டீச்சர் திரும்பி வந்தபோது பக்கம் ரெடி.

"வாசிங்க."

"'வெள்ளைச் சேலையும் சாந்தமான முகமுமாக வாழ்ந்தவர் அந்த அன்னை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர். பிறவியிலேயே பார்வையற்ற மகளை மடியில் கிடத்திக் கண்ணீராலேயே காலத்தைக் கழித்தவர். அடுப்படியே அவருக்கு உலகம். இன்று அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து...'" அண்ணாச்சி நிமிர்ந்தார். "நித்திரைன்னு சபைக்குத் தக்கபடி போட்டிருக்கேன் டீச்சர்."

"அருமையா இருக்கு. எங்கம்மாகிட்டயே வாசிச்சுக் காட்டிருவோம்."

"யாருகிட்ட?"

"எங்கம்மாகிட்ட. என்னைக் கூட்டிட்டுப் போக இப்ப வந்திருவாவ. ஷேர் ஆட்டோ ஓட்டுதாவல்லா."

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் ஆட்டோ ஹாரன் காதைப் பிளந்தது. அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மாள், பள்ளிக்கூட கேட்டை மறித்து பைக்கை நிறுத்தியிருந்த ஒருவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, வண்டிய வழியில போட்டுட்டு எங்கல போய்த் தொலைஞ்ச? இது என்ன உங்கப்பன் வீட்டு முற்றமா?"

"அவியளா?" என்றார் அண்ணாச்சி. குரல் உள்ளே போய்விட்டது.

"அவியதான். வர்ற வியாழக்கிழமை அறுபது வயசு முடியுது. சபையில ஸ்தோத்திரக் கூட்டம்." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "எம்மா! இன்னும் ரெண்டு நடை அடிச்சிட்டு வா!"

"நேரத்தோட சொல்லித் தொலைய மாட்டியா!" என்று பதில் வந்தது. ஆட்டோ போய்விட்டது.

அண்ணாச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதிய தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"தப்பு டீச்சர். மன்னிச்சிருங்க. உயிரோட இருக்கவங்களைப் போய்..."

"எனக்குக் கண்ணு போனது எட்டு வயசுல. காய்ச்சல்ல போச்சு. அம்மா அழுததா நான் கேட்டதில்ல. டாக்டரைத்தான் சண்டை பிடிச்சாவ."

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே டீச்சர்."

"நீங்க ஒண்ணுமே கேக்கலியே அண்ணாச்சி."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா, இதுகூடத் தெரியாமலா எழுத உக்காந்தான்னு நினைச்சிருவீங்களோன்னு இருந்துச்சு. எழுதச் சொன்னீங்க. எழுதிக் குடுக்கணும்ல? சபைன்னதும் இரங்கல்தான்னு தோணிட்டு. அம்மான்னா எல்லாரும் எழுதுறது இப்படித்தான்."

"பக்கம் நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுது."

அண்ணாச்சி மடித்த தாளை விரித்து, எழுதியதை மறுபடி பார்த்தார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்.

"அப்போ நானும் ஒரு குளம் வெட்டிட்டேன்."

"இப்ப மெஷின்கிட்டக் கேளுங்க" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி போனை எடுத்தார். வணக்கத்தையும் பொற்பாதத்தையும் எடுத்துவிட்டார். ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதினார். 'மேலப்பாறையடி நீர் வரலாறு எழுது. பொய் எழுதாதே. இல்லாத குளத்தை எழுதவே எழுதாதே.'

பதில் வந்தது. ஆவலாக வாசிக்க ஆரம்பித்தார். நீர் இன்றி அமையாது மனித வாழ்வு என்று தொடங்கியது. அந்த ஊர் மக்கள் நீரைத் தெய்வமாகப் போற்றினார்கள், முன்னோர் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள், காலப்போக்கில் குழாய்கள் வந்தன, இன்றைய தலைமுறை மழைநீரைச் சேமிக்க வேண்டும்.

"பொய் இருக்கா?" என்றார் டீச்சர்.

"இல்ல."

"இது எந்த ஊரு?"

அண்ணாச்சி மறுபடி ஒரு தடவை கண்ணை ஓட்டினார். "எந்த ஊருக்கு வேணும்னாலும் ஒட்டிக்கிடலாம் டீச்சர்." போனை மேஜையில் பட்டென்று வைத்தார். "நல்லாக் கேட்டும் இப்படித்தான் பண்ணுது. என் தலையெழுத்து. பேரை அடிக்கட்டும், போகட்டும்."

வைத்த போன் அடித்தது. எடுத்தார். எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல், டீச்சருக்கே கேட்கிற சத்தத்தில். தண்ணி வரலையாம்.

அண்ணாச்சி குரல் உடனே மாறிவிட்டது. வால்வுக்காரர் குரல்.

"எந்தத் தெரு? கீழத்தெருவா? எத்தனாவது வீடு? சரி. சுத்தமா வரலையா, நூலு மாதிரி வருதா? பக்கத்து வீட்டுல வருதா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்." கொஞ்சம் காத்திருந்தார். "வருதா? அப்போ தெருவுல கோளாறு இல்ல. உங்க வீட்டுக் குழாயைத் திறந்ததும் புஸ்ஸுனு சத்தம் வந்துச்சா? வந்துச்சா, அப்படிச் சொல்லுங்க. காத்து அடைச்சிருக்கு. கீழ இருக்க குழாயை முழுசாத் திறந்து போட்டுட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. வரலேன்னா நானே வாரேன்."

வைத்துவிட்டு, "மன்னிக்கணும் டீச்சர்" என்றார்.

"தண்ணி வரலேன்னுதானே சொன்னாவ? போய்த் திறந்து விட வேண்டியதுதான?"

"எங்க வரல, எப்படி வரலேன்னு தெரியாம எந்த வால்வைத் திறக்க? ஒண்ணைத் திறந்தா இன்னொரு தெருவுக்குக் குறையும்லா."

"கீழத்தெருவுல ஏன் காத்து அடைக்குது?"

"அது பழைய லைன் டீச்சர். எழுபத்தெட்டுல போட்டது. மேலத்தெருவுக்குத்தான் முதல்ல போட்டாவ. கீழத்தெருவுக்கு மிச்சக் குழாயை வச்சு ஒட்டு போட்டு இழுத்தது. நடுவுல ஒரு மேடு. அங்க காத்து நிக்கும்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கு முன்னால வால்வு பாத்த சங்கிலிப் பாண்டியன் சொன்னாரு. நானே ஒரு தடவை தோண்டிப் பாத்திருக்கேன். ஒட்டு இன்னும் இருக்கு."

டீச்சர் கையை நீட்டி அண்ணாச்சியின் போனைத் தேடி எடுத்து அவரிடமே நீட்டினார். "இதுல குரலைப் பதிஞ்சு எழுத்தாக்குற பட்டன் இருக்கு. அமுக்குங்க. எழுபத்தெட்டுக்கு முன்னாடி தண்ணிக்கு என்ன பண்ணினாவ?"

"இதெல்லாம் வரலாறா டீச்சர்?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த காலத்தைச் சொன்னார். ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கினபோது முதல் உறை சாய்ந்துபோனதைச் சொன்னார். அந்தச் சாய்ந்த உறை இன்றைக்கும் கோடையில் தலை காட்டும் என்றார். மேல்நிலைத் தொட்டிக்கு இடம் கொடுக்கமாட்டேன் என்று முதலில் மல்லுக்கட்டியவரே பிறகு திறப்பு விழாவில் மாலை வாங்கிக்கொண்டதைச் சொல்லும்போது, அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் பம்பு ரூம் போனது, இரண்டாயிரத்து மூன்று வறட்சியில் கீழத்தெருவுக்குப் பன்னிரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் கல்குவாரிப் பள்ளத்துக்குக் குடத்தோடு போனது, மேலத்தெருவில் மட்டும் தண்ணீர் வந்தது, எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் நடுநடுவே மூன்றே மூன்று கேள்விதான் கேட்டார். எந்த வருஷம்? யாரு சொன்னா? நீங்க பாத்தீங்களா? தெரியாது என்று அண்ணாச்சி சொன்ன இடத்தில், "தெரியாதுங்கறதும் அதுல இருக்கட்டும்" என்றார்.

ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அண்ணாச்சி முகம் வேறு முகமாகியிருந்தது.

"இப்ப மெஷின்கிட்ட என்ன கேக்கப் போறீங்க?"

அண்ணாச்சி அந்த ஸ்பைரல் புத்தகத்தை ஒரு தடவை பார்த்தார். திறக்கவில்லை. தானாக எழுதினார். எழுதியதை டீச்சருக்கு வாசித்தும் காட்டினார்.

"'நான் மேலப்பாறையடியில் தண்ணீர் வால்வு திறக்கிறவன். பி.ஏ. செயல்திட்டத்துக்கு எங்கள் ஊர் நீர் வரலாறு எழுத வேண்டும். வாசிக்கப் போகிறவர் எங்கள் ஊரைப் பார்க்காத பரீட்சகர். நான் பேசியது கீழே இருக்கிறது. வருட வரிசையில் அடுக்கித் தா. நான் சொல்லாததைச் சேர்க்காதே. தெரியாது என்று நான் சொன்ன இடத்தில் தெரியாது என்றே எழுது. உனக்கு எங்கேயாவது இடித்தால் நீயாக ஒன்றும் நிரப்பாதே. முதலில் என்னைக் கேள்.'"

"பொற்பாதம்?"

"அதுக்குப் பாதம் இல்ல டீச்சர்."

முதல் தடவையாக டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணாச்சி அனுப்பினார். பதில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், இது என்னைக் கேள்வி கேக்குது! ஏழு கேள்வி கேட்டிருக்கு!"

"பதில் சொல்லுங்க."

உற்சாகமாக உட்கார்ந்துவிட்டார். ஆற்று ஊற்றுக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம்? எழுதினார். சாய்ந்த உறை சிமெண்டா செங்கல்லா? எழுதினார். சங்கிலிப் பாண்டியன் எந்த வருடம் வரை வேலை பார்த்தார்? யோசித்து எழுதினார். ஆறு கேள்வி வரை தேர்வு எழுதுகிற பிள்ளை மாதிரி விறுவிறுவென்று போனார். நாளைக்கு ஐந்து மணி என்ன, மூன்று மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று தெம்பு வந்துவிட்டது.

ஏழாவது கேள்வியை வாசிக்க வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

அண்ணாச்சி கேள்வியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார், உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா வாசிங்க."

"'2003இல் கீழத்தெருவுக்குப் பன்னிரண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்கிறீர்கள். அதே நாட்களில் மேலத்தெருவுக்கு வந்தது என்றும் சொல்கிறீர்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே தொட்டி. கீழத்தெருவுக்கு மட்டும் ஏன் வரவில்லை?'"

வெளியே மைதானத்தில் யாரோ கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன் வரல அண்ணாச்சி?"

"மேலத்தெருவுல கோயில் கொடைத் திருவிழா. வீட்டுக்கு வீடு விருந்தாளி. தொட்டியில அரைத் தொட்டிதான் இருந்துச்சு. அப்ப இருந்த தலைவரு, கீழத்தெரு வால்வை அடைச்சுப் போடுன்னாரு." நிறுத்தினார். "வேலைக்குச் சேந்து அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. வேலை நிரந்தரமாகல."

"அடைச்சது யாரு?"

"வால்வுச் சாவி என் கையிலதான் இருந்துச்சு டீச்சர்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பேச்சியம்மான்னு ஒரு பிள்ளை. கல்யாணமாகி வந்த புதுசு. ஒன்பதாவது நாளு குவாரிப் பாறையில குடத்தோட வழுக்கி விழுந்துட்டு. இடுப்புல அடி. இன்னிக்கும் சாய்ஞ்சுதான் நடக்கா. வழியில பாத்தா, நல்லா இருக்கீங்களா அண்ணாச்சின்னு கேப்பா." துண்டை விரலில் சுற்றினார். "அவளுக்குத் தெரியாது. அந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. லைன் ரிப்பேர்னு சொன்னேன். வீடு வீடாப் போய் நான்தான் சொன்னேன். நம்பிட்டாவ."

போன் திரை அணைந்தது. அண்ணாச்சி விரலால் தொட்டார், மறுபடி வெளிச்சம் வந்தது. ஏழாவது கேள்வி அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே பதில் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"இதைப் போட்டா ஊர்ல என் முகத்துல முழிக்க மாட்டாவ டீச்சர். போடலேன்னா இந்தக் கேள்வி முடியாது. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். ஆறு வருஷம்." அண்ணாச்சி நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தார். "லைன் ரிப்பேர்னு எழுதினா இது ஏத்துக்கிடுமா?"

"ஏத்துக்கிடும் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அதுக்குப் பேச்சியம்மாவைத் தெரியாதுல்லா."